தனக்குத் தானே ஐந்து

நாற்பத்தோராவது பிள்ளையும் “என் கற்றலுக்கு நானே பொறுப்பு” என்றுதான் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில், அதே எழுத்துப்பிழையோடு. எவனோ தப்பாக அடித்ததை வகுப்பே கிளிப்பிள்ளையாக ஒப்பித்திருந்தது. கீழே, தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்: ஐந்துக்கு ஐந்து. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது.

ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆசிரியை. வகுப்பில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவளைப் பல்கலைக்கழகம் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, இனி நீ ஆங்கிலம் கற்றுத்தர வேண்டாம், மாணவர்கள் தாமே கற்பார்கள் என்றது. பாடமும் வேகமும் அவர்கள் இஷ்டம். பாதி மதிப்பெண்ணும் அவர்கள் போட்டுக்கொள்வதுதான். அவள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் தோற்றாலும் ஒப்பந்தம் நீளாது.

நாற்பத்திரண்டாவது தாளில் ஐந்துக்கு இரண்டு என்று இருந்தது. அது ‘தையல்மெஷின்’ தாள். அம்மா வீட்டில் தைக்கும் சத்தம் மைக்கில் கேட்பதால் மற்றவர்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர். துணி தைக்கக் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்களிடம் பேசியதைப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, பத்து வாக்கியத்தில் ஆறு தப்பு என்று எண்ணி, எங்கே தடுக்கியது என ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்திலும் பிழைகள். எல்லாம் அவளுடைய சொந்தப் பிழைகள். இரண்டு என்றால் தேற மாட்டாள்.

ஆசிரியை துறைத்தலைவரிடம் போனாள்.

“சார், உண்மையா படிச்சது இந்த ஒரு பொண்ணுதான். நான் கூட்டிப் போடட்டுமா?”

“நீங்க போட்டா அது சுயகற்றலா? அவளே போடணும். பேசி அஞ்சாக்கச் சொல்லுங்க.”

“அவளேதான் போடணும், ஆனா நாம சொல்றதப் போடணும். அப்படித்தானே சார்?”

“இந்த வாய்தான் உங்களுக்குச் சத்துரு. அஞ்சு மணிக்குள்ள முடிங்க.”

அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“மேடம், நான் ரெண்டுக்குத்தான் லாயக்கு.”

“தெரியும்மா. அஞ்சு போட்டாத்தான் பாஸ்.”

“உன்னை நீயே அளந்துக்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கம்மா அளவெடுத்தா, இடுப்பு நாப்பதுன்னா நாப்பதுதான். மனசு நோகுமேன்னு முப்பதுக்குத் தைச்சா, அந்த பேண்ட்டுல யாரு நுழையறது?”

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கினாள்.

“போட்டுடும்மா. உன்னால என் வேலையும் போயிடும்.”

சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்” என்றாள் அந்தப் பெண். வைத்துவிட்டாள்.

நாலே முக்காலுக்குத் திரையில் இரண்டு ஐந்தானது. பிழைகளை எண்ணி எழுதிய பக்கத்தை அந்தப் பெண் அழித்திருந்தாள். ஆசிரியை கையெழுத்திட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு முடிவுகள் வந்தன. அனைவரும் தேர்ச்சி. துறைத்தலைவர் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். ஆசிரியை புதிய ஒப்பந்தத்தில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டாள். பிற்பகலில் அடுத்த மாணவர் அணி சேர்ந்தது, அறுபது பேர். அவர்களுக்குக் கடவுச்சொல் அனுப்பினாள். ஏழு பேருக்குப் போகவில்லை. மறுபடி அனுப்பினாள்.