இல்லாத டாக்கீஸும் இருக்கிற சந்தும்

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்க போறீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம்பிக்கை. "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். "ஆமா, கொஞ்சம் தூரந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். என் கணவர் பெட்ரோல் போடக் கிளம்பினால்கூட மாமியார் "தூரமா தம்பி?" என்பார். நான் கிளம்பினால் மட்டும் ஆளாளுக்கு "எங்க போற?" என்று நேராகவே கேட்பார்கள். நான் போவதெல்லாம் கறிவேப்பிலை வாங்கப் போகிற கணக்கு. அது விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன.

நான் அரியலூர்க்காரி. பெரம்பலூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவரோடு வாய்ச்சண்டை வந்தால் "எங்க ஊருல ரயிலு நிக்கும், உங்க ஊருல தண்டவாளமே கெடையாது" என்பேன். "உங்க ஊருல சிமெண்ட் தூசிதான் நிக்கும்" என்பார் அவர். அதோடு முடிந்துவிடும். முடியாத கதை ஒன்று இருக்கிறது. அது நான் தொலைந்துபோன கதை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் பிறந்த வீட்டிலிருந்து தனியாகத் திரும்பி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு வழி கேட்டு அவருக்குப் போன் செய்தேன். "டாக்கீஸ் முக்குல திரும்பு. கெணத்தடி தாண்டு. ரைஸ் மில்லுக்கு எதுத்தாப்புல நம்ம தெரு" என்றார். நானும் டாக்கீஸைத் தேடினேன். போஸ்டர் ஒட்டிய சுவர் ஒன்றைக்கூடக் காணோம். கிணற்றையும் காணோம், மில்லையும் காணோம். வெயிலில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தேன். பிறகுதான் தெரிந்தது: டாக்கீஸை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். மில் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஆனால் ஊரில் ஒருத்தரும் மண்டபம் என்று சொல்வதில்லை. இல்லாத மூன்றைச் சொல்லி வரச் சொல்லிவிட்டு, "அரியலூர்க்காரிக்கு வழி தெரியாது" என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபியோடு இந்தக் கதையும் வரும்.

இது வெறும் கேலியாக இருந்தவரை நானும் சிரித்துவிட்டுப் போனேன். வேலை விஷயத்தில் வந்து நின்றபோதுதான் எரிச்சல் வந்தது. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். வீட்டுக்குப் பக்கத்திலேயே நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த லேபை மூடிவிட்டார்கள். அரியலூரில் ஒரு லேபில் கூப்பிட்டார்கள், நல்ல இடம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியும்போதே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ்ஸை நம்பினால் நான் போய்ச் சேருவதற்குள் அவர்கள் இட்லி சாப்பிடப் போய்விடுவார்கள். ஸ்கூட்டரில் போகிறேன் என்றேன்.

"சிமெண்ட் லாரி ஓடற ரோடு. டாக்கீஸ் முக்கு தெரியாதவ நீ அங்க போயிட்டு வந்துருவியா?" என்றார் என் கணவர்.

ஒரு டாக்கீஸ், அதுவும் இல்லாத டாக்கீஸ், என் வேலையில் மண்ணைப் போடுவதா? அந்த வாரம்தான் ஊரில் ஒரு போட்டி நடக்கப்போவதாகத் தெரிந்தது. ஓரியன்டியரிங் என்று பெயர். கையில் ஊரின் வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதில் எண் போட்ட வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் வரிசைப்படி ஓடிப்போய், அங்கே கட்டியிருக்கும் கொடியில் தொங்குகிற 'பஞ்ச்' கருவியால் நம் அட்டையில் துளை போட்டுக்கொண்டு மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். செல்போன் கூடாது. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. இரண்டு பேராகச் சேர்ந்தும் ஓடலாம், ஆனால் வழியில் பிரியக் கூடாது.

"ரெண்டு பேரும் ஓடுவோம். மேப்பு என் கையில. ஜெயிச்சு முடிச்சா நான் ஸ்கூட்டர்ல அரியலூர் போறேன். இல்லன்னா அந்தப் பேச்சையே எடுக்கல" என்றேன். அவருக்குப் பந்தயம் என்றால் மறுக்கத் தெரியாது. "சரி, பாத்துருவோம்" என்றார். அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று லேபுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை துறைமங்கலம் பக்கம் ஒரு மைதானத்தில் கூட்டம். காலேஜ் பிள்ளைகள்தான் அதிகம். நான் சுடிதாரும் மகளுடைய ஷூவும் போட்டுக்கொண்டு நின்றேன். போட்டியை நடத்திய விளையாட்டு வாத்தியார் மஞ்சள் பனியனில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். "மேப்பை ஊர் இருக்கற பக்கமா திருப்பிப் புடிங்க. கண்ணுக்கு எது தெரியுதோ அதை மட்டும் நம்புங்க" என்று எல்லோருக்கும் சொன்னார். லேபில் எனக்கு முதல்நாள் சொல்லிக்கொடுத்ததும் இதேதான். ஸ்லைடில் தெரிவதை எழுது, கூட வந்தவர் சொல்வதை எழுதாதே.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. முதல் கொடி ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், அடுத்தது தண்ணீர்த் தொட்டி ஓரம். போனதும் துளை, போட்டதும் ஓட்டம். பிளாஸ்டிக் பைப் கடைக்காரர் என்பதால் என் கணவரைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஓடுவதைப் பார்த்து "என்ன பாய்ச்சல்? கொரியரா? ரேஷன் கார்டு சரிபாக்குறாங்களா?" என்று கேட்டார்கள். பாலக்கரையில் ஒரு பெரியவர் அவரைப் பார்த்து "தூரமா?" என்றார். கூடவே ஓடிய என்னிடம் "நீ எங்கம்மா போற?" என்றார். ஓடிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வினை பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகுதான் வந்தது. அடுத்த வட்டம் எங்கே இருந்தது தெரியுமா? சாட்சாத் அந்த டாக்கீஸ் முக்கில். அதாவது கல்யாண மண்டபத்தின் பின்புறம். பக்கவாட்டில் ஒரு சந்து உள்ளே போவதாக மேப்பில் மெல்லிய கோடு இருந்தது.

"இப்படி உள்ள போவணும்" என்றேன்.

"அது டாக்கீஸ் சுவரு. அந்தப் பக்கம் போவாது" என்றார்.

"டாக்கீஸ் எங்க இருக்கு?"

"ஏய், நான் இந்தத் தெருவுலயே வளந்தவன்."

அந்தச் சந்து எனக்குத் தெரியும். சமையல் வேன் போவதற்காக மண்டபம் கட்டும்போது விட்ட சந்து அது. கல்யாணத்துக்குக் கல்யாணம், பந்தி முடிந்து கை கழுவிவிட்டு நெரிசல் இல்லாமல் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் நான் வெளியே வருவேன். அவர் முன்வாசலில் நுழைந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டு முன்வாசலிலேயே வருகிறவர். அவர் மனசில் அங்கே இன்னும் பெஞ்சு டிக்கெட் கவுண்டரும் முழுச் சுவரும் நின்றுகொண்டிருந்தன. பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் அவர் அதைத் திரும்பப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் வந்தவள். இருப்பதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார். வழி தெரிந்தாலும் இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது அவர் பழக்கம். "கேக்கக் கூடாதுங்க!" என்று கத்தினேன்.

"அண்ணே, டாக்கீஸ் சந்து அந்தப் பக்கம் போவுதா?"

எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. கேட்டவர் ஏமாந்து போய்விடுவாரே என்ற இரக்கம். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போவாதுப்பா. ரைஸ் மில்லச் சுத்திப் போயிரு" என்றார் அடித்துச் சொல்வதுபோல. இல்லாத டாக்கீஸுக்கு இல்லாத மில் வழியாக வழி.

அவர் ஓடினார். பிரிந்து போகக் கூடாது என்பதால் நானும் பின்னால் ஓடினேன். செல்போன் கடை வந்தது. அதற்கப்புறம் ஒரு புது வீட்டு மதில், அதற்கப்புறம் முட்டுச் சந்து. கொடியைக் காணோம். எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் இந்நேரம் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேப்பைக் கிழித்துப்போட்டிருப்பேன். கிழித்தால் போட்டியும் போய்விடும் என்றுதான் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

அவர் முட்டுச் சந்தில் நின்று மதிலை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மேப்பை எட்டிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நீ சொல்லு. எப்படிப் போவணும்?"

கல்யாணமான நாளிலிருந்து, டீக்கடைக்காரர், பூக்காரம்மா, முன்பின் தெரியாத லாரி டிரைவர் என்று ஊர் உலகத்திடமெல்லாம் அவர் வழி கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதை நினைத்து நிற்க ஓட்டப் பந்தயத்தின் நடுவில் ஏது நேரம். "வாங்க என் பின்னால" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மண்டபத்துச் சந்து இருந்தது. சமையல் வேன் நின்றது. அதற்குப் பின்னால் குழாயடியில் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. நான் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. சங்குப்பேட்டையில் முன்னால் போன நாலைந்து ஜோடிகள் தவறான தெருவில் நுழைவதைப் பார்த்தேன். நாங்கள் சரியான தெருவில் நுழைந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்து விழுந்தபோது விளையாட்டு வாத்தியார் கை தட்டினார். ஜோடிகளில் நாங்கள்தான் முதல்.

அட்டையைச் சரிபார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை எங்களிடமும் கேட்டார். "வழியில யார்கிட்டயும் வழி கேக்கலையே?"

நான் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை, எனக்கென்ன. என் அரியலூர் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டேன் சார். டீக்கடையில. நான்தான் கேட்டேன், இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார் என் கணவர்.

வாத்தியாருக்கே வருத்தமாகப் போய்விட்டது. ஆனால் விதி விதிதான். எங்கள் பெயரை அடித்துவிட்டார். வீடு வரும்வரை வண்டியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய் சொல்லாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டதில் பெருமைதான். அந்தப் பெருமையை அன்றைக்கு மட்டும் வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம் என்று இருந்தது. இறங்கும்போது, "வழி தவறுனது நான் இல்ல. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து அவருடைய பெரியப்பா வந்தார். காபி வந்தது. காபியோடு கதையும் வந்தது. "இவ வந்த புதுசுல டாக்கீஸ் முக்கு தெரியாம..." என்று மாமியார் ஆரம்பித்தார்.

"அங்க டாக்கீஸே இல்லம்மா" என்றார் என் கணவர். "இல்லாத எடத்தச் சொல்லிப்புட்டு, வந்தவளக் கொற சொல்றோம். அந்தக் கதைய இனிமே வுட்டுருங்க."

பெரியப்பா காபியை உறிஞ்சினார். நான் அடுப்பங்கரைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பந்தயத்தில் ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்காது.

ஆனால் பந்தயம் தோற்றது தோற்றதுதான். அவரும் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை விடியும் முன்பே எழுந்து, குளித்து, லேப் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தேன். தடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வாக்கியம் தயாராக இருந்தது.

ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது. துடைத்திருந்தது. பெட்ரோல் முள் உச்சியில் நின்றது. அவர் கையில் ஹெல்மெட்டோடு படியில் நின்றுகொண்டிருந்தார். நான் போட்டுக்கொண்டதும் தாடைக்குக் கீழே பட்டையை இழுத்துச் சரிபார்த்தார். நான் வண்டியில் உட்கார்ந்தேன்.

"தூரமா?" என்று கேட்டார்.

தயார் செய்த நாலு வாக்கியமும் மறந்துவிட்டது.

"ஆமாங்க, கொஞ்சம் தூரந்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.