பிராங்கியர் வந்த பாதை

கிருமி கொல்லும் ஜாவெல் திரவத்தின் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு, ஒரு காலத்தில் ரோமாபுரியைச் சூறையாடிய கோத்தியர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நீச்சல் குளத்தில், ஆஸ்பத்திரி வாசலில், கோடரியும் தாடியுமாக. காரணம் பாரிஸ் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி. மத்தியானக் கூட்டம் கலைந்ததும் நானும் அங்கே சமைத்த அண்ணையும் ஜாவெல் ஊற்றித் தரை கழுவுவோம்.

குடியுரிமை நேர்முகத்துக்கு அண்ணைக்குக் கடிதம் வந்திருந்தது. பிரெஞ்சுக்காரனாகும் ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. லண்டனில் ஒரே தங்கச்சி. பதினாறு வருடமாகக் காணவில்லை. கார் து நோரில் ரயில் ஏறினால் இரண்டரை மணித்தியாலம். அகதிப் பத்திரத்தோடு இரண்டு தரம் விசா கேட்டார், இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள்.

பிரான்சின் வரலாறு சொல்லித்தரும்படி என்னைக் கேட்டார். நான் பிரான்ஸ் பிறக்குமுன்பே தொடங்கிவிட்டேன். என் வியாதி அது. எதையும் நடுவில் தொடங்கத் தெரியாது.

ரைன் நதிக்கு அப்பால் சில்லறைக் குலங்கள் ஒன்றுசேர்ந்து பிராங்கியர் என்று பெயர் வைத்துக்கொண்டதைச் சொன்னேன்.

"எங்கடை இயக்கங்கள் ஒண்டாச் சேர்ந்த மாதிரியோ?"

"ஓம் அண்ணை. பிறகு தங்களுக்குள்ளையே வெட்டுப்பட்டதும் அப்பிடித்தான்."

கோத்தியர் வடக்கே ஒரு தீவிலிருந்து மூன்று கப்பலில் புறப்பட்ட கதையைச் சொன்னேன். லா சப்பலில் அகதிக் கதையைப் பிறர் எழுதிக் கொடுப்பது வழக்கம். அண்ணை தரை தேய்த்த தும்புத்தடியை நிறுத்திவிட்டு, "ஆரோ கேஸ் எழுதிக் குடுத்திருக்கிறான் ஐசே" என்றார். அறிஞர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஹூணருக்குப் பயந்து அதே சனம் டானூப் கரையில் ரோமரிடம் கையேந்தி நின்றதையும், ரோமர் பசித்தவர்களுக்கு நாயிறைச்சி கொடுத்துப் பிள்ளைகளை அடிமையாக வாங்கியதையும் சொன்னபோது மட்டும் அவர் தண்ணீரை ஓங்கி ஊற்றினார்.

நேர்முகம் முடிந்து நேரே குசினிக்கு வந்தார். முகம் சரியில்லை.

"பிரான்ஸ் எண்ட பேர் எப்பிடி வந்ததெண்டு நேர்முகம் எடுத்த மடாம் கேட்டா. பிராங்கியர் எண்டன். சந்தோசப்பட்டா. அவை எந்த வழியாலை வந்தவை எண்டு கேட்டுக்கொண்டு பேனையை எடுத்தா ஐசே."

"ரைன் நதி எண்டு சொன்னனீங்கள்தானே?"

"எப்பிடிச் சொல்லுறது? 'இரவு வந்தவை, ஒண்டும் தெரியேல்லை' எண்டன்."

எங்கள் ஆட்களுக்கு அதிகாரிமுன் ஒரே சட்டம்தான்: வந்த வழியைச் சொல்லாதே, சொன்னால் வழியில் மிதித்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். அண்ணை அதைப் பிராங்கியருக்கும் நீட்டிவிட்டார்.

"அண்ணை, அவங்கள் வந்து ஆயிரத்தைந்நூறு வருசம்!"

"பழைய ஃபைலை எப்பவும் திறப்பாங்கள்."

"மடாம் என்ன சொன்னவ?"

"சிரிச்சவ. அதுதான் பயமாக் கிடக்கு."

அதன்பின் மாதக்கணக்கில் அவருக்கு நான்தான் எதிரி. "உம்மடை காட்டுமிராண்டியளாலை என்ரை தங்கச்சி போச்சு" என்றபடி வெங்காயம் வெட்டுவார். வெளியே ஞாயிற்றுக்கிழமைச் சனம் லெ பிளாங்-மெனில் புறநகரிலிருந்து தள்ளுவண்டியோடு வந்து முருங்கைக்காயைச் சூறையாடிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் ரோமாபுரியும் இப்படித்தான் விழுந்திருக்கும். கொஞ்சம் குறைந்த சத்தத்தோடு.

கடிதம் வந்தது. அண்ணையைப் பிரெஞ்சுக்காரர் ஆக்கிவிட்டார்கள். அந்தச் சிரிப்பு வெறும் சிரிப்புத்தான் போலும்.

கார் து நோர் மேல்மாடியில் லண்டன் ரயிலுக்கு வரிசை; வழியனுப்ப நானும் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பிரித்தானிய அதிகாரி. புதுப் பாஸ்போர்ட்டை அண்ணை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஏன் போறாய் எண்டு கேட்டால் என்ன சொல்ல?"

"தங்கச்சியைப் பாக்க எண்டு சொல்லுங்கோ."

"உண்மையையோ?"

"ஓம்."

"விசர்க்கதை கதையாதையும். அதிகாரிக்கு உண்மை சொல்லி எனக்குப் பழக்கமில்லை ஐசே."