மலையில் ஜாஸ்தி, தெருவில் கம்மி

சென்னை ஆய்வகத்திலிருந்து முடிவு வந்த அன்று, அதை நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏலகிரிக் காட்டு லைக்கனில் குரோமியம் ஜாஸ்தி. ஆம்பூரில் எங்கள் தெருவை ஒட்டிய தோல் தொழிற்சாலையின் மதிலோர மரங்களில் கம்மி.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர். மசாலாவில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான். அதற்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவந்து போடுவதைத்தான் உண்டு வளர்கிறது. ஆகவே ஓர் ஊரின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நம்பி ஆராய்ச்சியில் இறங்கியவள் நான். அதே தொழிற்சாலையில் குரோமியத்தில் தோலை ஊறவைக்கும் டிரம்முகளுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் அப்பா.

"அப்போ நம்ம தெரு சுத்தம்னு சொல்லுதா உன் பாசி?" என்றார் அப்பா. குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"அப்டி இல்லப்பா. எங்கியோ இடிக்குது."

அதற்குள் அவர் டீக்கடையில் சொல்லிவிட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தபோது, தொழிற்சாலை சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் பழைய தோஸ்த். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நாற்றம் தாங்கவில்லை என்று தெருக்காரர்கள் அடிக்கடி கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே காட்ட என் முடிவின் நகல் அவருக்கு வேண்டுமாம்.

"அது சரியா வரல மாமா" என்றேன்.

"ஏம்மா, மெஷின் தப்பா சொல்லுமா?"

"மெஷின் சரிதான். மலைல இருக்கறது வயசானது. இங்க இருக்கறது நேத்து மொளச்ச மாதிரி சின்னது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்கக் கூடாது."

"கெழடா இருந்தா இன்னா, கொழந்தயா இருந்தா இன்னா? நம்பர் நம்பர்தானே!"

நகல் கொடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, படிச்ச புள்ளைங்களே இப்படித்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மறுபடியும் ஏலகிரிக்குப் பஸ் ஏறினேன். லைக்கன் நடுவிலிருந்து வெளியே பரவி வளர்வது. நடுப்பகுதி கிழடு, விளிம்பு இளசு. தண்ணீர் தெளித்து நனைத்து, கத்தியால் பட்டையிலிருந்து பெயர்த்து, விளிம்பைத் தனியாகவும் நடுவைத் தனியாகவும் பிரித்து அனுப்பினேன். முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் மெஷின் பழுது என்றார்கள், அப்புறம் அதை ஓட்ட ஆர்கான் வாயு இல்லை என்றார்கள். நான் போன் செய்து செய்து எனக்கே பேஜாராகிவிட்டது.

கடைசியில் வந்தது. ஒரே லைக்கன்தான். விளிம்பில் பொட்டாசியமும் பாஸ்பரசும் நிறைய இருந்தன. நடுவில் இரும்பு, ஈயம், குரோமியம் எல்லாம் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்தன. கிழடும் இளசும் கலந்து அரைத்த பொடியை வைத்து ஒரு மலையையும் ஒரு தெருவையும் ஒப்பிட்டது எவ்வளவு அபத்தம்! இளசை இளசோடுதான் ஒப்பிட வேண்டும். மலையின் இளசு கையில் இருந்தது. தெருவின் லைக்கன் முன்பே முழுதாக அரைபட்டுத் தீர்ந்துவிட்டது.

கத்தியை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனேன். மரங்கள் இல்லை. கால்வாய் அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். தெருவில் லைக்கன் பிடித்திருந்த மரங்கள் அவை மட்டும்தான். அவை நின்ற இடத்தில் கம்பிக்கூண்டுக்குள் இடுப்பளவு புங்கங்கன்றுகள். அவற்றின் பட்டையில் ஒரு பொட்டு லைக்கன்கூட இல்லை. கத்தியோடு நின்ற என்னைப் பார்த்து வாட்ச்மேன், "இன்னாம்மா தேடற?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்து நடந்த தெருக் கூட்டத்துக்கு அப்பாவோடு போனேன். நான் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர் மாமா எழுந்து, "ஆராய்ச்சி பண்ண பொண்ணே மலைலதான் ஜாஸ்தின்னு சொல்லிச்சு" என்றார். நான் எழுந்து விளிம்பு, நடு, வயது என்று விளக்கினேன். காற்று கெட்ட இடத்தில் லைக்கன் கிழடாவதற்கு முன்பே உதிர்ந்துவிடலாம், அதனால்தான் இங்கே சின்னதாக மட்டும் இருந்திருக்கலாம் என்றேன். ஆனால் வெட்டுப்பட்ட அந்த மரங்களே இளசாக இருந்ததால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கையை நீட்டினார். "அதெல்லாம் வுடும்மா. நம்ம காத்துல அந்த குரோமியம் இருக்கா இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு."

"தெரியலக்கா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "தெரியலன்னா தெரியலன்னுதான சொல்லணும்? இதுல இன்னா சிரிப்பு?" என்று கத்தினார். அவர் கூட்டத்தில் கத்தி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கூட்டம் எதுவும் முடிவாகாமல் கலைந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர், ஆய்வேட்டிலிருந்து ஊர்ப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். "காட்டு லைக்கன்ல வயசுக்கேத்த மாதிரி தனிமங்கள் மாறுது. அதுவே முழு ஆய்வும்மா. நீங்க தப்பிச்சீங்க." அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாதாட என்னிடம் ஒரு கிள்ளு பொடிகூட இல்லை. எடுத்துவிட்டேன். பட்டமும் வந்தது.

பைண்டு செய்து வந்த ஆய்வேட்டை அப்பா மடியில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஏலகிரி வரைபடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"நம்ம தெரு எங்கம்மா?"

"அது இதுல இல்லப்பா."

"அதுக்குத்தானே ஆரம்பிச்ச?" என்றார். நான் எழுந்து போய், காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைச் சாத்தினேன்.