சுரங்க மூடியில் கிடந்த தாலிக்கொடி

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்காதீர்கள். பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது நாவூறு கழிக்கக்கூட நான் மிளகாய் சுட்டதில்லை. சுட்டால் ஸ்மோக் அலாம் அடிக்கும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் ரொறன்ரோவில், ரூஜ் பக்கம், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு உடைத்தார்கள். தமிழ் வீடென்றால் நகை இருக்கும் என்று கள்ளனுக்கும் தெரியும். அதனால் எங்கே போனாலும் நகையைக் காரில் காவிக்கொண்டு திரிகிற பைத்தியக்காரக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. விசேஷத்துக்கு மட்டும் போடுகிற தாலிக்கொடியை ஒரு துணிப்பையில் போட்டு, பையைப் பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து, மேலே றஸ்க்கை அடுக்கினேன். கள்ளன் றஸ்க் சாப்பிடமாட்டான் என்று ஒரு நினைப்பு.

பயணம் என் மனுசனுடைய ஆசை. முந்தின வருடம் இவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. வீட்டில் ஓய்வாக இருந்த மாதங்களில் தங்கம் தோண்டுகிற வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். கடைசியில், வடக்கே ஒரு பழைய தங்கச் சுரங்க ஊரை நேரில் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடி. வருத்தக்கார மனுசன் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை.

விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். ஊரென்று சொல்ல ஒன்றுமில்லை. பலகை அடித்து மூடிய ஒரு ஹோட்டல், ஏரிக்கரையில் ஆளில்லாத நாலைந்து வீடு, சுற்றிவர ஊசியிலைக் காடு. நடுவிலே தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் நிற மண் பெரிய வெளியாகக் கிடந்தது, அதில் புல்லுக்கூட முளைக்கவில்லை. அதன் ஓரத்தில்தான் சுரங்கக் கிணறு. வாயைக் கொங்கிறீட்டால் மூடி, சுற்றிவரக் கம்பிவேலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கீழே வெள்ளம் புகுந்து ஆட்கள் செத்ததாம், சிலரை வெளியே எடுக்கவே முடியவில்லையாம் என்று இவர் அங்கிருந்த அறிவிப்பை வாசித்துச் சொன்னார். நான் பக்கத்தில் ஆட்கள் இருந்து சாப்பிடப் போட்டிருந்த மேசையில் புட்டும் சம்பலும் றஸ்க் பேணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பிட்டுவிட்டு, தங்குகிற மோட்டலுக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, றஸ்க்கைத் தேடினால் பேணியைக் காணவில்லை. அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பொன் போனதென்ற கவலை இல்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுசனின் தாலியைத் தொலைத்துவிட்டேனே என்றுதான். நம்பாதவள்தான், ஆனால் அந்த நேரம் இவருடைய முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

திரும்பிப் போனோம். வடக்கில் கோடைச் சூரியன் லேசில் இறங்காது, நல்ல வெளிச்சம். பேணி மேசையிலேயே இருந்தது, மூடி இறுக்கமாக இருந்தது, றஸ்க் அடுக்கினபடியே இருந்தது. அடியில் துணிப்பையை மட்டும் யாரோ நாலாக மடித்து வைத்திருந்தார்கள். கொடி இல்லை.

இவர் மேசைக்குக் கீழே குனிந்து தேடி மூச்சு வாங்கினார். "விடும், வேற செய்விப்பம்" என்றார்.

"நீங்கள் பேசாம இருங்கோ. நெஞ்சு நோகுதோ?"

"இல்லையப்பா."

அப்போதுதான் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம், அவசரமில்லாமல், மண்ணுக்குக் கீழேயிருந்து வந்தது. நம்பினால் நம்புங்கள், இவருக்கும் கேட்டது. சத்தம் வந்த பக்கம் போனால் அந்தக் கம்பிவேலி. உள்ளே, கிணற்றை மூடிய கொங்கிறீட்டின் மேல் என் தாலிக்கொடி வட்டமாகச் சுருட்டி வைத்தபடி கிடந்தது. நாங்கள் வேலியில் கை வைத்ததும் தட்டுகிறது நின்றுவிட்டது.

மரக்கொப்பு ஒன்றை வேலிக்குக் கீழால் விட்டு இழுத்து எடுத்தேன். நாள் முழுக்க மழை இல்லை, கொங்கிறீட்டும் காய்ந்துதான் இருந்தது. கொடியில் மட்டும் தண்ணீர் சொட்டியது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது மாதிரிக் குளிர்ந்தது. வேலிக்குள் இருந்த மண்ணில் ஒரு காலடிகூட இல்லை.

"அண்டங்காகம் தூக்கியிருக்கும்" என்றார் இவர்.

"காகம் பேணியைத் திறந்து, திரும்ப மூடி, பையையும் மடிச்சு வைச்சதோ?" என்று கேட்டேன். மனுசன் பேணியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போடவென்று கொடியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். கொளுக்கி லூசாக இருந்ததால் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி அதைத் துடைக்கிற ரிசுக் கடதாசியில் வைத்தான். ரிசு நனைந்தது. "அக்கா, கழுவிப்போட்டுத் துடைக்காமல் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டான். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

எத்தனை தரம் துடைத்து வைத்தாலும் விடிய ஈரம்தான். இவர் வித்துப்போட்டு வேறு செய்வம் என்கிறார், நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஏனென்றால் அந்தப் பயணத்துக்குப் பிறகு இவருக்கு ஒரு குறையுமில்லை, டொக்டருக்கே சந்தோசப் புழுகம், ஸ்னோவும் இவரே தள்ளுகிறார். அதனால் தினமும் காலையில் எழும்பி, கொடியைச் சுற்றி வைத்திருக்கிற துணியைத் தொட்டுப் பார்ப்பேன். கை நனைந்தால்தான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பேன்.

போன கிழமை துணியில் ஒரு ஓரம் காய்ந்திருந்தது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.