பனிக்காலம் முடிந்து கேட்ட சலசலப்பு

எண்பதுகளின் கடைசியில், மொன்ட்ரியாலில், ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் தொடங்கிய கதை இது. நான் அப்போது நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தேன். அகதியாக வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே சொத்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ரொக்ஸ்பரோவில் ஒருவர் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று மட்டை தொங்க நின்றதைக் கண்டு, அங்கேயே பேசி முடித்து, ஓட்டிக்கொண்டு வந்தது. அதில் ஏறினால்தான் நான் ஊரில் இருந்த பழைய மனிதனாக உணர்வேன்.

அந்த வீட்டில் என்னோடு ஒரு நண்பனும் இருந்தான். இருவரும் திருகோணமலை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. ஆனால் குணத்தில் ஏழாம் பொருத்தம். எனக்கு எதையும் துருவித் துருவிக் கேட்காமல் இருக்க முடியாது. அவனுக்கு எதையும் விளக்கிச் சொல்ல வராது. முதல் கோடையில் சமையலறை உப்பு ஈரத்தில் கட்டிபட்டுப் போகிறது என்று நான் நாலு நாள் புறுபுறுத்தேன். ஐந்தாம் நாள் பார்த்தால் உப்புப் போத்தலுக்குள் ஒரு பிடி அரிசி கிடந்தது. ஈரத்தை இழுக்கட்டும் என்று ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை, அவனுக்கு வந்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

நவம்பர் மாதம் முதல் ஐஸ் விழுந்த அன்றே நான் நடைபாதையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கையில் மாவுக்கட்டு. மோட்டார் சைக்கிளோ வெளியே நின்றது. அதைக் குளிர்காலத்துக்குப் பத்திரமாக மூடி, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பலகைக் கொட்டிலுக்குள் விடவேண்டும். நண்பனிடம்தான் சொன்னேன். நான் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் பார்க்கப் போன ஒரு நாள், அவன் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தான். "படுக்கப் போட்டாச்சு மச்சான்" என்றான். அவ்வளவுதான் அவன் தந்த அறிக்கை. தை மாதம் அவனுக்கு மொன்ட்ரியால்-நோரில் வேலை கிடைத்து, அந்தப் பக்கமே வீடு எடுத்துப் போய்விட்டான்.

ஏப்ரலில் பனி கரைந்து பின்பக்க ஒழுங்கைப் பாதை தெரியத் தொடங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை வேலை இல்லாத நாள். கொட்டிலைத் திறந்து, போர்வையை இழுத்து, சைலன்சர் வாயில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையைக் கழற்றினேன். பையின் ஒரு பக்கத்தில் எலி கடித்த ஓட்டை இருந்தது. குளிருக்கு எலியும் எங்காவது ஒதுங்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குள் வைத்திருந்த பற்றரியைப் பூட்டி, பட்டனை அழுத்தினேன். எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. கூடவே ஒரு சத்தமும் கேட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு தகர டப்பாவுக்குள் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. சலசல, சலசல. உடனே நிறுத்தினேன். திரும்ப அழுத்தினேன். திரும்பவும் சலசல. எஞ்சினுக்குள் ஏதோ நொறுங்கிக் கிடக்கிறது, இன்னும் ஓடவிட்டால் முழுவதும் போய்விடும் என்று பயந்து, ஐந்து விநாடிக்கு மேல் ஒரு தரமும் ஓட விடவில்லை.

இனி என் துப்பறியும் மூளையைக் கேட்கவா வேண்டும்! பெற்றோல் டாங்கியைத் திறந்து பார்த்தேன். விளிம்பு வரை நிறைந்திருந்தது. நான் விழுந்த அன்று அது கிட்டத்தட்டக் காய்ந்து கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஓடிய தூரத்தை ஒரு சின்னக் கொப்பியில் குறிப்பதும், வேலையால் வந்து நிறுத்தும்போது மீற்றர் எண்ணை எழுதிச் சரிபிழை பார்ப்பதும் என் வழக்கம். கொப்பியை எடுத்து வந்து மீற்றரைப் பார்த்தேன். ஆறு கிலோமீற்றர் கூட ஓடியிருந்தது.

எல்லாம் பொருந்தி வந்தது. நான் கட்டுப் போட்ட கையோடு இருந்தபோது, இவன் என் மோட்டார் சைக்கிளை எடுத்து உலாத்தியிருக்கிறான். எங்கோ அடித்து எஞ்சினைப் பழுதாக்கிவிட்டு, அது தெரியாமல் இருக்க டாங்கியை நிரப்பி மூடி வைத்திருக்கிறான். அவனிடம் லைசென்சும் இல்லை. பொலிஸ் பிடித்திருந்தால் அவனுடைய அகதி வழக்கு என்னாவது, சைக்கிளின் சொந்தக்காரன் என்று என் வழக்கு என்னாவது? அன்று பின்னேரமே அவனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"உண்மையைச் சொல். என்ரை சைக்கிளை எடுத்து ஓடினனியோ?"

"ஓம் மச்சான், ஓடினனான்." கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் சொன்னான். "ஏன், ஸ்டார்ட் எடுக்கேல்லையோ?"

அந்த 'ஓம்' எனக்குப் போதும். லைசென்ஸ் இல்லாமல் ஓடினது போதாதென்று எஞ்சினையும் உடைத்து வைத்திருக்கிறாய் என்று தொடங்கி, வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டினேன். கடைசியில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"திங்கக்கிழமைக்கு வேறை ஆளைப் பார்!"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தது கேட்டது. நான் படாரென்று ரிசீவரை வைத்தேன்.

திங்கட்கிழமை என்னவென்று சொல்லவேண்டும். அன்றுதான் அவனுடைய அகதி விசாரணை. அவனுடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் வீட்டோடு எரிந்துபோனவை. இவன் உண்மையில் திருகோணமலைக்காரன்தான், இந்தப் பெயர்க்காரன்தான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று அவனுடைய சட்டத்தரணி கேட்டிருந்தார். அந்தச் சாட்சி நான். அது தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ரெலிபோன் இரண்டு தரம் அடித்தது. யார் என்று தெரியும். அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலையும் ஒழுங்கையில் நின்று பட்டனை அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். கோபம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சத்தம் எங்கிருந்துதான் வருகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. கீழ்வீட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு கியூபெக் பெண்மணி இருந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு நாளாக இந்தக் கூத்தைக் கேட்டுச் சலித்துப் போனாரோ என்னவோ, கோப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தார். என் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு முடிந்துவிடும். அவருடைய ஆங்கிலமும் நொண்டிதான். கையும் முகமும்தான் பேசின.

ஸ்டார்ட் செய்யச் சொன்னார். வாசல் கூட்டும் தும்புத்தடியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். எஞ்சின் நல்லது என்று பெருவிரலைக் காட்டினார். நான் நம்பவில்லை. உடனே அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆசனத்தைப் பிடித்து சைக்கிளை இடமும் வலமுமாகக் குலுக்கினார்.

சலசல, சலசல.

எஞ்சின் ஓடவில்லை, சத்தம் மட்டும் வருகிறது! இரண்டு நாளாக நான் பிஸ்டன் உடைந்ததா, செயின் தேய்ந்ததா என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். ஓடாத வண்டியைக் குலுக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. குற்றவாளியைப் பிடித்துவிட்ட பிறகு குற்றம் என்னவென்று யார் பார்ப்பார்கள்?

நான் ஈரத் தரையில் குந்தி, காதைச் சாய்த்தேன். அவர் குலுக்கினார். சத்தம் பின்பக்கம், சைலன்சருக்குள் இருந்து வந்தது. அவர் விரலை விட்டுப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. இப்போது ஓட விடு, நல்லாய் ஓட விடு என்று கையைச் சுழற்றினார். நான் பயந்து பயந்து ஓட விட்டேன். ஐந்து நிமிடம் போனது. வெள்ளைப் புகை வந்தது. அதன் பின்னால் ஒரு மணம் வந்தது.

அவர் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தன் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பாண் ஏதும் கருகுகிறதோ என்று நினைத்திருக்கவேண்டும். எனக்கு அந்த மணம் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அது அரிசி வறுபடுகிற மணம். மொன்ட்ரியால் ஒழுங்கை ஒன்றில், என் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில், அரிசி வறுபட்டுக்கொண்டிருந்தது.

உடனே நிறுத்தினோம். சூடு ஆறியதும் அவர் ஸ்பானர் கொண்டுவந்து சைலன்சரைக் கழற்றி, மிச்சம் கிடந்த பழைய பனியின் மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். பழுப்பும் கறுப்புமாக அரிசி கொட்டியது. சில மணிகள் பொரிந்தும் இருந்தன. பிறகு வளைந்த கம்பி ஒன்றை விட்டு இழுத்தபோது ஒரு துணி வந்தது. எலி கடித்து, பாதி கருகிப்போன நீலக் கட்டம் போட்ட துணி. அது என் நண்பனின் சாரத்தில் கிழித்தது. அவன் வீட்டில் உடுத்துக்கொண்டு திரிந்த சாரம். அரிசியை அதில் முடிந்துதான் உள்ளே வைத்திருக்கிறான்; துணியின் வாயில் ஒரு துண்டு நூலும் தொங்கியது.

இது என்ன என்று அவர் கேட்டார். எந்த மொழியில் சொல்வது? மேலே ஓடிப்போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து காட்டினேன். அவர் போத்தலைப் பார்த்தார், பனியில் கிடந்த அரிசியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். 'ஆ' என்று நீட்டி இழுத்துத் தலையாட்டினார். பிறகு டாங்கியைத் திறந்து பார்த்துவிட்டு, நிறைத்து வைத்தால்தான் உள்ளே துருப்பிடிக்காது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். புதுப் பெற்றோல் எஞ்சினுக்குள் போக ஒரு சுற்று ஓட்டியும் இருக்கவேண்டும் என்றார். யார் செய்தது என்று கேட்டார். என் சிநேகிதன் என்றேன். "குட் பிரென்ட்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன கோப்பியைக் குடித்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நிறைந்த டாங்கி, ஆறு கிலோமீற்றர், அந்தச் சத்தம். அவனுக்கு எதிராக நான் அடுக்கி வைத்த சாட்சி ஒவ்வொன்றும் அவன் என் பொருளைப் பார்த்துக்கொண்ட விதம். வழக்கு நடக்கிற நேரத்தில், லைசென்ஸ் இல்லாமல், எனக்காகத்தான் அந்த ஆறு கிலோமீற்றரையும் ஓட்டியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

சைலன்சரைப் பூட்டி நேராக மொன்ட்ரியால்-நோருக்கு விட்டேன். வழி நெடுக மிச்ச அரிசி உள்ளே சலசலத்தது, வறுத்த மணமும் கூடவே வந்தது. நண்பன் கதவைத் திறந்தான். கையில் திங்கட்கிழமைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்த சேர்ட். என்னைப் பார்க்கமுதல் வாசலில் நின்ற சைக்கிளைத்தான் பார்த்தான்.

"ஸ்டார்ட் எடுத்திட்டுது போலை" என்றான்.

நான் அந்தக் கருகின துணியை நீட்டினேன்.

"அட, நூல் கட்டி வெளியிலை விட்டனானே! இழுத்தா வந்திருக்குமே."

"நூலை எலி திண்டிட்டுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"சொல்லத்தான் இருந்தனான். பேந்து வேலை, வீடு மாறினது... மறந்து போனன் மச்சான். பெற்றோல் செட்டிலை நிண்ட மனிசன்தான் நிரப்பி ஓடிவிடச் சொன்னவர். அரிசி என்ரை யோசனை." கடைசி வசனத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கூட நாளில் இருந்து பழகியும், அவனிடம் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான். பிறகு, கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"திங்கக்கிழமைக்கு வேறை ஆள் பிடிச்சிட்டியோ?"

"ஆரைப் பிடிக்கிறது? சின்னனிலை இருந்து என்னைத் தெரிஞ்ச ஆள் இந்த ஊரிலை நீ ஒருத்தன்தானே" என்றான். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னான். "உள்ளுக்கு வா, தேத்தண்ணி போடுறன்."

திங்கட்கிழமை போனேன். பள்ளிக்கூடத்தின் பெயர், தெருவின் பெயர், அவனுடைய தகப்பனின் தொழில் எல்லாம் கேட்டார்கள், தடுமாறாமல் சொன்னேன். கடைசியாக அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "இவரை உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?" 'ஓம்' என்ற பதில் எனக்கு உடனே வரவில்லை, வியாழக்கிழமை படாரென்று வைத்த ரிசீவர்தான் நினைவுக்கு வந்தது. நண்பன் திரும்பிப் பார்த்தான். இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் "ஓம், தெரியும்" என்றேன். சில மாதத்தில் அவனுக்கு நல்ல முடிவு வந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிள் போய்விட்டது, நாங்கள் இருவரும் இருக்கிறோம். இன்றைக்கும் யாரைப் பற்றியாவது 'அந்த ஆளை எனக்கு நல்லாய்த் தெரியும்' என்று சொல்ல வாயெடுத்தால், பழைய பனியின் மேல் கொட்டிய அந்தக் கருகிய அரிசி கண்முன் வந்து, முதலில் ஒரு தரம் குலுக்கிப் பார் என்று என்னை நிறுத்திவிடுகிறது.