வெட்டு கோணவில்லை

எங்கள் எஸ்டேட்டில் இப்போது கையால் தேயிலைக் கொழுந்து கிள்ளுவது குறைந்துவிட்டது. செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் பிடித்து நடக்கும் மெஷின்தான். கால் ஒன்றாகப் போக வேண்டும். ஒருவர் பிந்தினால் வெட்டு கோணிப்போகும், கங்காணி கத்துவார். நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு வருடமாக ஒரே மெஷின். எங்கள் வெட்டு ஒருநாளும் கோணியதில்லை என்று நான் லயத்து வீடுகளில் பீற்றிக்கொள்வதும் உண்டு.

ஒரு நாள் மேட்டில் அவர் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயது.

"இதயத்தோட ஒரு சுவர் முந்திச் சுருங்குது, இன்னொண்ணு பிந்துதுன்னா, நெஞ்சுல பேட்டரி வெச்சு ரெண்டையும் ஒண்ணா வேலை செய்ய வைக்கலாம்மா. ஆனா ஏற்கனவே ஒண்ணாத்தான் சுருங்குதுன்னா, சதையே சோர்ந்து போச்சுன்னு அர்த்தம். பேட்டரி உதவாது."

ஆக, என் வீட்டுக்காரரின் இதயம் ஒழுங்கில்லாமல் சுருங்க வேண்டும் என்று நான் மாரியம்மனைக் கும்பிட்டேன். இப்படியொரு வரத்தை அவளிடம் வேறு யார் கேட்டிருப்பார்கள்! கேட்டுவிட்டுக் கோயில் வாசலிலேயே பயந்து நின்றேன்.

நெஞ்சில் ஜெல் தடவி எடுத்த ஸ்கேனை இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னார்கள். அதனால்தான் கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் படம். கேமரா நூற்றுக்கணக்கான துடிப்புகளைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குமாம். கணக்கைக் கம்ப்யூட்டரே போடுமாம். யார் உட்கார்ந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும் என்றார் டாக்டர். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

முதல் படம் வீணாய்ப் போனது. எஸ்டேட் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று இவராக நினைத்துக்கொண்டு, கேமராவுக்குக் கீழே கால் மணி நேரமும் மூச்சை அடக்குவதும் விடுவதுமாகக் கிடந்திருக்கிறார்.

"ஒரு துடிப்பு நீளம், ஒரு துடிப்பு குட்டை. இதை அடுக்கி வர்ற எண்ணை நம்ப முடியாதும்மா" என்றார் டாக்டர்.

"என்னதான் காட்டுது?"

"ஒண்ணாத்தான் சுருங்குதுன்னு காட்டுது. ஆனா அதை நம்பாதீங்கம்மா. திருப்பி எடுப்போம்."

நம்பாதே என்றால் மனசு கேட்கிறதா? அடுத்த படத்துக்குப் பத்து நாள் இருந்தது. அவர் தூங்கும்போது நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பேன். எனக்கு என்ன தெரியும், துடிக்கிறது என்பது மட்டும் தெரியும்.

இரண்டாவது முறையும் என்னை உள்ளே விடவில்லை. கதவு சாத்துவதற்கு முன் சொன்னேன்: "ஏங்க, மூச்சைப் பிடிக்காதீங்க. வரிசையில நடக்கிற மாதிரி சீரா விடுங்க." தலையாட்டினார்.

இந்த முறை டாக்டர் தனியாகக் கணக்குப் பார்த்தார், இன்னொரு டாக்டரும் தனியாகப் பார்த்தார். ஒரே எண். ஒரு சுவர் நன்றாகவே பிந்துகிறது, பேட்டரி வைக்கலாம் என்றார்கள். நான் சந்தோஷத்தில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் கெட்ட செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

"ஆனா சுவர் ரொம்ப விரிஞ்சிருக்கும்மா. நாலஞ்சு மாசம் முன்னால வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். எவ்வளவு தேறுவார்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

திரும்பும்போது மலையேறிக் கம்போங் ராஜா ஊரைத் தாண்டினோம். அப்போது அவர் கேட்டார்.

"நீ எப்பலேருந்து நடையைக் குறைச்சே?"

அவர் கால் பிந்துவதை மெஷின் கைப்பிடியிலேயே நான் உணர்ந்திருந்தேன். கங்காணி அவரைத் திட்டக்கூடாதே என்று அவருக்குத் தகுந்தபடி என் காலைச் சுருக்கிக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட.

"ஆறு மாசம் இருக்கும்" என்றேன்.

"வெட்டு நேராத்தானே இருந்துச்சு. அதான் எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மாதான் சொன்னார்.

பேட்டரி வைத்தாயிற்று. இப்போது வீட்டு வாசல் வரை நடக்கிறார். அதற்குமேல் எவ்வளவு என்று தெரியாத பயம் எனக்குள் அப்படியே இருக்கிறது. நான் வேறொரு பெண்ணோடு மெஷின் பிடிக்கிறேன். போன வாரம் அவள் கால் பிந்தியது. நான் நடையைக் குறைக்கவில்லை. வெட்டு கோணியது, கங்காணி கத்தினார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.