நாகையா எழுதிய இரண்டாவது ரிப்போர்ட்

பராமரிப்புப் பொறுப்பை ஏற்ற முதல் நாள் நாகையா அந்த இயந்திரத்தைச் சுற்றி வந்து கம்ப்ரஸர் எங்கே என்று தேடினார். பத்து வருடம் ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா கம்ப்ரஸர்களோடு இருந்தவர் அவர். இதில் கம்ப்ரஸரே கிடையாது. போர்ட் கிள்ளான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்கு 1983இல் ஜப்பானிலிருந்து வந்து இறங்கியிருந்தது அந்தச் சில்லர், அதாவது குளிர்விக்கும் இயந்திரம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய இரும்பு உருளைகள், கீழே இரண்டு சின்ன பம்புகள், அவ்வளவுதான். பாய்லரிலிருந்து நீராவி உள்ளே போனால், எண்ணெய்த் தொட்டிகளைக் குளிர்விக்கிற தண்ணீர் ஏழு டிகிரியில் வெளியே வரும். சூட்டைக் கொடுத்தால் குளிர் வரும் என்பதை நம்ப அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

நம்பிய பிறகு அதை அவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். உருளைக்குள் காற்று இருக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் தண்ணீர் நாலைந்து டிகிரியிலேயே ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை ஓர் உப்புக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். கரைசலை நீராவியால் சூடாக்கினால் குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு மறுபடியும் உறிஞ்சத் தயாராகும். வெளிக்காற்று கொஞ்சம் நுழைந்தாலும் இந்தச் சுற்று கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஆபரேட்டர் ஒரு சிறிய பம்பை ஓட்டி உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பர்ஜ் என்று பெயர். அதைச் செய்யாமல் விட்டால் குளிர் குறையும். குறைகிறதே என்று நீராவியைக் கூட்டினால் கரைசல் அளவு மீறிக் கெட்டியாகி, குழாய்க்குள்ளேயே கற்கண்டு போல உறைந்துவிடும்.

1986 ஜூலையில் ஒரு மத்தியானம் அப்படித்தான் உறைந்தது. ஷிப்டில் இருந்தவர் கார்த்திகேசு. நாகையாவைவிட ஏழெட்டு வயது இளையவர், அதிகம் பேசாதவர். நாகையா ஓடி வந்து, கரைசல் வழிந்து திரும்புகிற குழாயைப் புறங்கையால் தொட்டார். சுட்டது. வழக்கமான வழி அடைத்ததால் சூடான கரைசல் இதில் வழிகிறது என்று அதற்கு அர்த்தம். ரப்பர் ஹோஸில் நீராவி பிடித்து, அடைத்த பகுதியின் மேல் மூன்று மணி நேரம் காட்டினார்கள். உறைந்தது கரைந்து இயந்திரம் ஓடுவதற்குள் இரண்டு தொட்டி எண்ணெய் கெட்டுவிட்டது.

"பர்ஜ் பண்ணுனீங்களா?" என்று கேட்டார் நாகையா.

"பண்ணுனேண்ணே. நாப்பது நிமிஷம் ஓட்டுனேன். புக்குல எழுதியிருக்கேன், பாருங்க."

புத்தகத்தில் எழுதித்தான் இருந்தது. ஆனால் ஒழுங்காகப் பர்ஜ் செய்த இயந்திரத்தில் இவ்வளவு காற்று எப்படி இருக்கும்? அடுத்த நாள் உருளைகளுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்பி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை பூசிப் பார்த்தார்கள். எங்கும் ஒரு குமிழி வரவில்லை. கசிவு இல்லையென்றால் ஆபரேட்டர் பொய் சொல்கிறார். பிளாண்ட் எஞ்சினியர் பழனியப்பன் ரிப்போர்ட் கேட்டார். நாகையா ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வரி: பர்ஜ் முறையாகச் செய்யப்படவில்லை.

கார்த்திகேசுவை டிரம் ஏற்றுகிற யார்டுக்கு மாற்றினார்கள். அவர் சண்டை போடவில்லை. லாக்கர் சாவியை நாகையாவின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

புதிய ஆபரேட்டர் வந்தார். குளிர் மறுபடியும் குறைந்தது. பர்ஜின்போது நாகையாவே பக்கத்தில் நின்று பார்த்தார். பம்பிலிருந்து வரும் குழாயை எண்ணெய் ஊற்றிய ஒரு பாட்டிலுக்குள் விட்டால் குமிழிகளை எண்ணலாம். நிமிடத்துக்கு முப்பது, முப்பத்தைந்து. ஒரு மணி நேரம் ஓட்டியும் குறையவில்லை. உள்ளிருந்த காற்று தீரவில்லை, வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். இந்த முறை வாயுவை அழுத்தி நிரப்பவில்லை. உள்ளே வெற்றிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பர்ஜ் பம்பை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டியான கிரீஸைத் தடவி, பாட்டிலில் குமிழிகளை எண்ணினார். மேல் உருளை முடிந்தது, மாற்றமில்லை. பம்புகள், கண்ணாடிச் சாளரங்கள், மாற்றமில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, கரைசலை மாதிரி எடுக்கிற சிறிய வால்வின் மூடியைச் சுற்றித் தடவினார். பத்து நிமிடத்தில் குமிழி ஐந்தாகக் குறைந்தது.

வால்வை இருபுறமும் அடைத்துக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் தகடு கறுப்பு நிறம். ஜப்பான் தகடு சாம்பல் நிறம். ஏப்ரல் மாதம் பழையது கிழிந்தபோது, புதியது வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ஆலை நிற்கக் கூடாதே என்று ஸ்டோரில் இருந்த ரப்பர் ஷீட்டைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிப் போட்டவர் நாகையாதான். பிறகு மறந்துபோனார். நைட்ரஜன் உள்ளிருந்து தள்ளியபோது அந்தத் தகடு மூடியோடு ஒட்டி நன்றாக அடைத்தது. வெற்றிடம் உள்ளே இழுத்தபோது விளிம்பு மடங்கி வழி விட்டது. சோப்பு நுரை அவரை ஏமாற்றவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

தகட்டை ஒரு தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி புஷ்பவல்லி அதைப் பார்த்து, "என்னங்க இது?" என்றாள். சொன்னார். அவள் சோறு போட்டுக்கொண்டே, "அந்த ஆளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றார்.

திங்கட்கிழமை பழனியப்பனின் அறைக்குப் போய்த் தகட்டை மேசைமேல் வைத்தார். எஞ்சினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. ஒரிஜினல் ரப்பர் ஸ்டோர்ல வந்து கிடக்கு. மாத்திடுங்க, முடிஞ்சிது."

"கார்த்திகேசு பத்தின ரிப்போர்ட் தப்பு சார்."

"அது ஹெட் ஆபீஸ் போயாச்சு, நாகையா. இப்ப கிளறுனா உங்க பேருதான் கெடும். என் பேரும் சேந்து கெடும் லா."

"நான்தான எழுதுனேன். நானே எழுதித் தரேன் சார்."

எழுதினார். முதல் ரிப்போர்ட் ஒரு பக்கம், இது மூன்று பக்கம். எந்தத் தேதியில் என்ன ரப்பர், யார் வெட்டியது, சோதனையில் ஏன் தெரியவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. கடைசியில், ஆபரேட்டர் சொன்னது உண்மை என்று ஒரு வரி. இரண்டு வாரம் கழித்து நாகையாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பழனியப்பன் சில மாதங்கள் அவரிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்.

கார்த்திகேசுவிடம் சொல்ல யார்டுக்குப் போனபோது அவர் லோரிக்குப் பக்கத்தில் நின்று டிரம்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாகையா சொன்னதை எண்ணிக்கையை விடாமலே கேட்டார்.

"சரிண்ணே."

"நீங்க திரும்பி சில்லர் ரூமுக்கே வரலாம். பேசிட்டேன்."

கார்த்திகேசு கையிலிருந்த தாளில் ஓர் எண்ணைக் குறித்தார். "வேணாம்ணே. இங்கேயே இருக்கேன். வேலை கஷ்டந்தான், ஆனா நான் சொல்ற கணக்க லோரிக்காரன் நம்புறான்."

நாகையா சில்லர் ரூமுக்குத் திரும்பினார்.

அதன்பின் ஆறு வருடம் இருவரும் ஒரே ஆலையில் வேலை செய்தார்கள். கேண்டீனில் பார்த்தால் பேசிக்கொண்டார்கள்; மழை, பஸ், பிள்ளைகளின் படிப்பு. 1992இல் ஆலை மின்சாரச் சில்லருக்கு மாறியபோது நாகையா விலகி, ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் இதே வகை இயந்திரங்களைப் பார்க்கப் போனார். போகிற இடத்தில் முதல் கேள்வியாக, கடைசியாக எதைக் கழற்றினீர்கள் என்று கேட்பார். ஆபரேட்டரின் புத்தகத்தை முழுதும் படித்த பிறகுதான் பையைத் திறப்பார். சில மேனேஜர்களுக்கு அது பிடிக்கவில்லை, நேரத்தை வீணாக்குகிறார் என்றார்கள்.

1995இல் கார்த்திகேசு தன் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தாமே பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். காப்பி குடித்தார், கால் மணி நேரம் இருந்தார். கல்யாணத்தன்று கிள்ளான் மண்டபத்துக்குப் புஷ்பவல்லியோடு வந்த நாகையாவை மாப்பிள்ளை வீட்டாரிடம் அழைத்துப் போய், "இவரு எங்க ஃபேக்டரியில சில்லர் பாத்தவரு" என்றார். பிறகு பந்தியில் தாமே நின்று இருவருக்கும் இலை போடச் சொன்னார்.